மூட்டை யார் முதுகில்?

‘எந்திரன்’ படத்தின் கிளிமஞ்சாரோ பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். ரஜினியும் ஐஸ்வர்யா ராயும் ஆடுவார்கள். பின்னால் மேகம் உரசும் மலை, அடுக்கடுக்காகக் கல் சுவர்கள். பாட்டில் வரும் மலை ஆப்பிரிக்காவில் இருக்கிறது. படம் பிடித்த இடமோ தென் அமெரிக்காவில், பெரு நாட்டில், ஆண்டிஸ் மலைத்தொடரில். ஐந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் இன்கா அரசர்கள் கட்டிய ஊர் அது. பெயர் மச்சு பிச்சு.

2010-ல் படம் வந்தபோது அந்தப் பெயரைத் தெரிந்து வைத்திருந்த தமிழர்கள் குறைவு. இன்றைக்கு அப்படி இல்லை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, முதுகில் பையை மாட்டிக்கொண்டு பெருவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இங்கிருந்தே போகிறவர்களும் இருக்கிறார்கள்.

போகட்டும். நாலு இடம் பார்ப்பது நல்லதுதான். எனக்கு அதில் புகாரே இல்லை. புகார், அவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதையில்.

தூரத்து உறவுப் பையன் ஒருவன் போய்விட்டு வந்து பரவசமாகப் பேசினான். “டூரிஸ்ட் மாதிரி ரயில்ல போய் பஸ்ல ஏறல மாமா. இன்கா ட்ரெயில்ல நாலு நாள் நடந்தே போனோம். எட்டுப் பேர், ஆறு நாடு. முன்னப்பின்ன தெரியாதவங்க. கடைசி நாள் பிரியறப்ப எல்லார் கண்ணுலயும் தண்ணி.”

“டென்ட், சமையல் சாமான் எல்லாம் யாருப்பா தூக்கினது?”

“அதுக்குப் போர்ட்டர்ஸ் இருக்காங்களே. செம ஸ்ட்ராங். நம்மளைத் தாண்டி ஓடுவாங்க.”

“எத்தனை பேர்?”

“எண்ணலை மாமா. பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும்.”

அந்த எட்டுப் பேரில் யாருக்குக் காதல் முறிந்தது, யார் வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. நாலு நாள் அவனுடைய சோற்றையும் வீட்டையும் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அவன் கெட்ட பையன் இல்லை. அந்தப் பாதையில் நடந்துவிட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான் பேசுகிறார்கள். அதைத்தான் நான் சண்டைக்கு இழுக்கிறேன்.

*

‘பேக்பேக்கர்’ என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? தன் பையைத் தன் முதுகில் சுமப்பவர். சுற்றுலாப் பயணி வேறு, நான் வேறு என்று சொல்லிக்கொள்வதற்கான பட்டம் அது. டூரிஸ்ட் என்றால் சொகுசு, ஏ.சி. பஸ், பெட்டி தூக்க ஆள். பேக்பேக்கர் என்றால் எளிமை, வியர்வை, சொந்தக் கால். ரொம்ப அழகான விளக்கம். இன்கா ட்ரெயிலில் மட்டும் அது செல்லாது.

அந்தப் பாதை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். குஸ்கோ நகரிலிருந்து மச்சு பிச்சு போகும் ரயில் பாதையில் 82-வது கிலோமீட்டரில் இறங்கி நடக்க ஆரம்பிக்க வேண்டும். சுமார் 43 கிலோமீட்டர், நாலு நாள். குஸ்கோவே 3,400 மீட்டர் உயரம். பாதையின் உச்சி 4,215 மீட்டர். ஊட்டி 2,240 மீட்டர்தான். கிட்டத்தட்ட ஊட்டி மேல் இன்னொரு ஊட்டியை வைத்த உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதம். அந்தக் கணவாய்க்குப் பெயரே ‘இறந்த பெண்ணின் கணவாய்’. சும்மா கையை வீசிக்கொண்டு ஏறினாலே தலை சுற்றும்.

தனியாகப் போக முடியாது. 2000-களின் தொடக்கத்திலிருந்தே லைசென்ஸ் வாங்கிய ஏஜென்சி மூலம், கைடு வைத்துக்கொண்டுதான் போகலாம். ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் பாதையில் இறங்கக் கூடாது. நன்றாகக் கவனியுங்கள், அந்த 500-ல் பயணிகள் சுமார் 200 பேர்தான். மிச்சம் 300 பேர் போர்ட்டர்களும் சமையல்காரர்களும் கைடுகளும்.

அதாவது, அந்தப் பாதையில் நடக்கிற ஐந்து பேரில் மூன்று பேர் வேலை செய்ய வந்தவர்கள். அவர்கள்தான் பெரும்பான்மை. ஆனால் ஊருக்கு வந்து சேரும் போட்டோக்களில் மீதி இரண்டு பேர் மட்டும் இருக்கிறார்கள்.

*

அந்த மூன்று பேர் யார்?

குஸ்கோவைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களின் விவசாயிகள். தாய்மொழி கெச்சுவா, இன்காக்கள் பேசிய மொழி. உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் பயிரிடுகிறவர்கள். அந்த வருமானம் போதாமல் மூட்டை தூக்க வருகிறவர்கள்.

அவர்களுடைய ஒரு நாளைப் பாருங்கள். விடிவதற்குள் எழுந்து அடுப்பு மூட்டி, கூடாரத்து வாசலில் உங்களுக்குச் சூடாகக் கோகா இலை டீ கொடுக்க வேண்டும். நீங்கள் சாப்பிட்டுவிட்டு நடக்க ஆரம்பித்ததும் பாத்திரம் கழுவி, கூடாரங்களைப் பிரித்து, மேஜை, நாற்காலி, காஸ் சிலிண்டர், ஸ்லீப்பிங் பேக் எல்லாவற்றையும் கட்ட வேண்டும். பிறகு உங்களுக்குப் பின்னால் கிளம்பி, உங்களைத் தாண்டி ஓடி, நீங்கள் வருவதற்குள் மத்தியானச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும். சாப்பாடு முடிந்ததும் மறுபடி கட்டு, மறுபடி ஓடு. சாயங்காலம் நீங்கள் மூச்சிரைக்க வந்து சேரும்போது கூடாரம் நின்றிருக்கும். முகம் கழுவ வெந்நீர் காத்திருக்கும்.

“அவங்க ஓடுறதைப் பாத்தா பிரமிப்பா இருக்கு” என்கிறார்கள். ஐயா, அது பிரமிப்பு அல்ல, வேலை நேரம். ஓடாவிட்டால் உங்களுக்குச் சோறு லேட்டாகும். அவர் விளையாட்டு வீரர் இல்லை. பின்னால் மாட்டியிருக்கும் இருபது கிலோ பந்தயத்துக்கான சுமையும் இல்லை.

இரவு நீங்கள் சாப்பிட்டுவிட்டு, உலக அரசியல் பேசி, சிரித்து, தூங்கப் போன பிறகுதான் பல குழுக்களில் போர்ட்டர்களுக்குப் படுக்க இடம் கிடைக்கிறது. எங்கே? நீங்கள் சாப்பிட்ட அதே கூடாரத்தின் தரையில். நீங்கள் அரட்டையை நீட்டினால் அவர்கள் தூக்கம் குறையும்.

எட்டுப் பேரும் சகபயணிகள், உயிர் நண்பர்கள். ஒரே பாதையில், ஒரே மழையில், ஒரே நாலு நாள் நடந்த மற்றவர்களுக்கு என்ன பெயர்?

*

இந்தக் கண் மறைப்பு புதிதல்ல. மச்சு பிச்சுவின் நவீன வரலாறே அதில்தான் தொடங்குகிறது.

‘மச்சு பிச்சுவைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்று வினாடி வினாவில் கேட்டால், ‘ஹைரம் பிங்கம், 1911’ என்று குழந்தைகள்கூடச் சொல்லும். யேல் பல்கலைக்கழகத்து அமெரிக்கர். அந்த வருடம் ஜூலை 24-ம் தேதி அவரை மலை மேல் கூட்டிப்போனவர் மெல்ச்சோர் அர்த்தேயாகா என்ற உள்ளூர் விவசாயி. கூலி ஒரு சோல், பெரு நாட்டு நாணயத்தில் ஒன்றே ஒன்று. மேலே போனால் அங்கே ஏற்கெனவே குடும்பங்கள் குடியிருந்தன. இன்காக்களின் அடுக்கு வயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தார்கள். இடிபாடுகளுக்குள் பிங்கமுக்கு வழி காட்டியது அந்த வீட்டு சின்னப் பையன். அது மட்டுமா? ஒன்பது வருடங்களுக்கு முன்பே, 1902-ல், அகஸ்தின் லிசாராகா என்ற உள்ளூர்க்காரர் அங்கே வந்து சுவரில் கரியால் தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பெயரைப் பிங்கமும் பார்த்தார்.

ஆக, வழி தெரிந்தவர் ஒருவர், குடியிருந்தவர்கள் சிலர், முன்பே வந்து பெயர் எழுதியவர் ஒருவர். ‘கண்டுபிடித்தவர்’ மட்டும் பிங்கம்! அவர் தோண்டி எடுத்துக்கொண்டு போன பானைகளும் எலும்புகளும் பெருவுக்குத் திரும்பி வர 2011, 2012 ஆயிற்று. நூறு வருடம்.

ஃபேஸ்புக்கில் ‘நான் ஜெயித்த மலை’ என்று தலைப்பு வைக்கிறவர்கள் எல்லாம் பிங்கமின் பேரப்பிள்ளைகள்தான்.

*

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். கோபத்தைவிட எனக்குக் கணக்கில்தான் நம்பிக்கை.

பேக்பேக்கர்களுக்கு ஒரு பெருமை உண்டு. யார் மலிவாகப் போனார்கள் என்ற பெருமை. சே குவேரா படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, குஸ்கோ தெருவில் ஏஜென்சி ஏஜென்சியாக ஏறி இறங்கிப் பேரம் பேசுவார்கள். “அவன் எழுநூறு டாலர் கேட்டான். நான் அறுநூறுக்கு முடிச்சேன்” என்று மற்றவர்களிடம் மார்தட்டுவார்கள். அந்த நூறு டாலர் எங்கிருந்து குறைந்தது என்று யோசித்தீர்களா?

பாதைக்கும் மச்சு பிச்சுவுக்குமான நுழைவுக் கட்டணத்தை அரசாங்கம் நிர்ணயிக்கிறது. அதில் பத்துப் பைசா குறையாது. திரும்பி வரும் ரயில் டிக்கெட் ரயில் கம்பெனி வைத்த விலை. அதுவும் குறையாது. அரிசி, காய்கறி விலை சந்தை விலை. ஏஜென்சிக்காரர் தன் லாபத்தைக் கொஞ்சம் குறைப்பார், அதற்கும் ஓர் எல்லை உண்டு. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கணக்கு. போர்ட்டர்.

பன்னிரண்டு பேர் தூக்க வேண்டியதை ஒன்பது பேரிடம் ஏற்றலாம். கூலியைக் குறைக்கலாம், தள்ளிக் கொடுக்கலாம். அவர்களுக்கென்று தனிக் கூடாரம், மழைக்கோட்டு, இடுப்புப் பட்டை எதுவும் வாங்காமல் விடலாம். மிஞ்சின சாப்பாட்டைக் கொடுத்துச் சமாளிக்கலாம். நீங்கள் ஜெயித்த பேரம் இப்படித்தான் மலை ஏறுகிறது. ஒருவர் முதுகில் ஏறி.

சட்டம் இல்லையா? இருக்கிறது. அதற்கு முன்னால் நாற்பது, ஐம்பது கிலோ தூக்கியவர்கள் உண்டு. 2001-ல் போர்ட்டர்களுக்கென்றே பெரு ஒரு சட்டம் போட்டது. ஆளுக்கு 20 கிலோதான் உச்சவரம்பு. நாட்கூலியை அரசாங்கத்தின் வரி அலகோடு சேர்த்துக் கட்டினார்கள், அதில் 1.2 சதவீதம். 2008-ல் அது 42 சோல், அன்றைய மதிப்பில் பதினாலு, பதினைந்து டாலர். 2022-ல் பழைய சட்டத்தை மாற்றிப் புதிது கொண்டுவந்தார்கள். ஆணுக்கு 20 கிலோ, பெண்ணுக்கு 15. ஆமாம், இப்போது பெண்களும் தூக்குகிறார்கள்.

பாதையின் தொடக்கத்தில் தராசு இருக்கிறது. ஒவ்வொரு மூட்டையையும் நிறுத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அந்தத் தராசை ஏமாற்றுவதற்கும் வித்தை உண்டு என்ற புகார் பல வருடங்களாக இருக்கிறது. ‘இந்தப் பையைக் கொஞ்ச தூரம் மட்டும் நீங்க எடுத்துட்டு வாங்க’ என்று பயணியிடமே கொடுத்துத் தராசைத் தாண்டவைப்பது, தாண்டியதும் மறுபடி போர்ட்டர் தலையில் கட்டுவது. பயணி சிரித்துக்கொண்டே உதவி செய்கிறார். யாருக்கு உதவுகிறோம் என்று தெரியாமலே.

*

இதை எழுதினால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். மூன்று பதில்கள்.

முதல் பதில்: “அவங்க மலைக்காரங்க சார். அவங்க நுரையீரலே வேற. நமக்குத்தான் கஷ்டம், அவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல.”

பாதி உண்மை. தலைமுறை தலைமுறையாக அந்த உயரத்தில் வாழ்பவர்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அதிகம், மார்புக்கூடு பெரிது. ஆனால் அதே ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியாகி மலைவாசிகளையே படுக்கவைக்கும் நோய் ஒன்று உண்டு. 1920-களில் அதை விவரித்தவர் கார்லோஸ் மோங்கே என்ற பெரு நாட்டு டாக்டர். அவர் பெயரிலேயே அந்த நோய் அழைக்கப்படுகிறது. சரி, நுரையீரல் வேறு என்றே வைத்துக்கொள்வோம். முழங்கால்? முதுகெலும்பு? மழையில் நனைந்த கல் படிகளில் சுமையோடு இறங்கும்போது தேய்வது மூட்டு. மூட்டில் மலைவாசி மூட்டு, நகரவாசி மூட்டு என்று தனித்தனி ரகம் கிடையாது. உழைக்கிறவனைப் பார்த்து ‘அவனுக்குப் பழக்கம்’ என்று சொல்வது உலகத்தின் மிகப் பழைய சால்ஜாப்பு.

இரண்டாவது பதில்: “நாங்க போகலைன்னா அவங்களுக்கு வேலையே கிடையாது.”

இதில் நியாயம் இருக்கிறது. 2020-ல் கொரோனா வந்து பாதையை மூடியபோது அந்தக் கிராமங்களுக்கு அந்த வருமானம் நின்றது. அதனால் ‘போகாதீர்கள்’ என்று நான் சொல்லவே மாட்டேன். இன்னும் பழைய கதை ஒன்றும் உண்டு. 1801-ல் ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட் இன்றைய கொலம்பியாவில் கிந்தியோ கணவாயைக் கடந்தார். அந்தக் காலத்தில் அங்கே மனிதர்கள் மனிதர்கள் மேலேயே சவாரி செய்தார்கள். முதுகில் நாற்காலி கட்டிய கூலிக்காரர் எழுபத்தைந்து கிலோவுக்கு மேல் சுமந்து நாள் கணக்கில் நடப்பார், துரை உட்கார்ந்து வருவார். ஹம்போல்ட் ஏற மறுத்தார். கருவிகளை மாடுகள் மேல் ஏற்றிவிட்டுச் சேற்றில் நடந்தார். செருப்பு கிழிந்து வெறுங்காலோடு போனார். அவர்தான் அசல் பேக்பேக்கர்!

ஆனால் அவரே இன்னொன்றையும் எழுதி வைத்திருக்கிறார். கழுதை போகிற மாதிரி அந்த நாட்டில் வேறொரு பாதையைச் செப்பனிடலாம் என்று பேச்சு வந்தபோது, வேண்டாம் என்று மனுக் கொடுத்தவர்கள் சுமை தூக்கிகளே. பாவம், அவர்களுக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு அது. அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாதவன் முதுகு வலியைப் பற்றிப் புகார் சொல்ல மாட்டான். ஆகவே, ‘அவங்களே சந்தோஷமா தூக்குறாங்க’ என்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது. வேலை கொடுப்பது புண்ணியம் அல்ல. வேலை கொடுத்தால் கூலி கொடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்கள்தான் பேரம் பேசுகிறார்கள்.

மூன்றாவது பதில்: “கடைசி நாள் டிப்ஸ் கொடுத்தோமே!”

கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் டிப்ஸ் என்பது உங்கள் மனநிலை. கூலி என்பது அவர் உரிமை. மழை பெய்து உங்கள் போட்டோ கெட்டுப்போனால் டிப்ஸ் குறையும். கூலி குறையக் கூடாது.

*

நாலாவது நாள் விடிகாலையில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பயணிகள் இருட்டிலேயே எழுந்து ‘இந்தி புங்கு’ என்ற வாசலை நோக்கி நடக்கிறார்கள். (கெச்சுவாவில் இந்தி என்றால் சூரியன். யாரும் போராட்டத்துக்குக் கிளம்ப வேண்டாம்!) அந்தச் சூரிய வாசலில் நின்றால் கீழே மச்சு பிச்சு விரியும். நாலு நாள் நடந்ததே அந்த ஒரு காட்சிக்காகத்தான். கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், அழுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள்.

போர்ட்டர்கள் அங்கே வருவதில்லை. அதே இருட்டில் கூடாரங்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வேறு வழியாகக் கீழே இறங்கி, ரயிலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பார்கள். மாதக்கணக்காக, வருடக்கணக்காக அந்தப் பாதையில் நடந்தும் மச்சு பிச்சுவுக்குள் கால் வைக்காத போர்ட்டர்கள் இருக்கிறார்கள். கட்டியது அவர்களுடைய முன்னோர். பார்ப்பது நாம்.

அந்த முன்னோரும் சுகமாகக் கட்டிவிடவில்லை. இன்கா ராஜ்ஜியத்தில் சக்கரம் கிடையாது, குதிரை கிடையாது. அரசனுக்கு ஒவ்வொரு குடும்பமும் முறை வைத்து உழைத்துக் கொடுக்க வேண்டும். பின்னால் வந்த ஸ்பானியர்கள் அதே முறையை இன்னும் கொடூரமாக்கிப் போத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆள் பிடித்தார்கள். அரசன் போனான், ஸ்பானியர் போனார்கள், பண்ணையாரும் போனார். மூட்டை மட்டும் இறங்கவில்லை. இப்போது அதற்குள் இருப்பது நம்முடைய ஸ்லீப்பிங் பேக்.

எனவே, போகிறவர்களுக்கு என் வேண்டுகோள். பணம் கட்டும் முன் ஏஜென்சியிடம் ஐந்து கேள்வி கேளுங்கள். எங்கள் குழுவுக்கு எத்தனை போர்ட்டர்கள்? ஒரு நாள் கூலி எவ்வளவு? அவர்கள் எங்கே படுப்பார்கள்? என்ன சாப்பிடுவார்கள்? அடிபட்டால் இன்ஷூரன்ஸ் உண்டா? பதில் சொல்லத் திணறுகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். உங்கள் துணிமணியையும் மூன்றாவது ஜோடி ஷூவையும் நீங்களே தூக்குங்கள், அல்லது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பெயரைக் கேளுங்கள். ‘சுல்பாய்க்கி’ என்று ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். கெச்சுவாவில் நன்றி.

ஊருக்கு வந்ததும், ‘எத்தனை பேர் போனீங்க?’ என்று யாராவது கேட்டால் எட்டு என்று சொல்லாதீர்கள். எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள். இருபதுக்குக் குறையாது.